சோர்வும் செயலும்

மனம் சோர்ந்து கிடக்கும் ஒருவரைக் கண்டால் நம்மில் பெரும்பாலோர் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "சும்மா உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் இருக்கும்; எழுந்து ஏதாவது வேலையைப் பாருங்கள்" என்பதே அது. சொல்பவர் அதனை அன்பினால் சொல்கிறார். கேட்பவர் காதில் அது எவ்வாறு விழுகிறது என்பதை நாம் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. நாமும் அதைச் சொன்னவர்களே. ஒருமுறை மேற்கோள்களோடும் சொன்னோம். செயலில் ஈடுபடுவதும் ஒரு குறிக்கோளைப் பற்றி நிற்பதும் மனச்சோர்வைப் போக்குமா என்ற வினாவை இக்கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டதற்கு அந்த நிகழ்ச்சியே காரணம். ஆதலின் அதனை மறைக்காமல் முதலில் எழுதிவிடுகிறோம்.

எலப்புள்ளியில் நமக்குப் பல்லாண்டுப் பழக்கமுள்ள அன்பர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டா. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தந்தையார் காலத்தில் இங்கு வந்து குடியேறிய குடும்பம். மூன்று ஏக்கர் நெல்வயலும் வீட்டைச் சுற்றிச் சில பனைகளும் உண்டு. சங்கத்தின் மாதக் கூட்டத்திற்கு முதலில் வந்து நாற்காலிகளை வரிசையாகப் போடுபவர் அவரே. கூட்டம் முடிந்தபின் அவற்றை அடுக்கி வைத்துவிட்டுக் கடைசியாகப் போகிறவரும் அவரே. மேடையேறிப் பேசியதில்லை. ஓர் ஆண்டு இரண்டாம் போகத்திற்கு நீர் போதாமல் பயிர் காய்ந்தது. அதே ஆண்டில் மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தார். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். அன்பர் கூட்டத்திற்கு வருவது குறைந்தது, பின்னர் நின்றது. காய்ந்த பயிரே காரணம் என்று எல்லோரும் எண்ணினோம். அடுத்த ஆண்டு விளைச்சல் நன்றாகவே இருந்தது. அவரோ களத்துமேட்டுக்குக் கூடப் போகாமல் திண்ணையில் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

அவருடைய துணைவியார் ஒரு மாலை நம் வீட்டிற்கு வந்தார். "நீங்க ஒரு எட்டு வந்து சொல்லுங்கண்ணா. உங்க பேச்சுன்னா கேப்பாருங்க" என்றார். பேச்சு என்று சொன்னால் நமக்கு எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திருக்குறளை எடுத்துக்கொண்டு போனோம். ஊக்கமுடைமையில் தொடங்கி மடியின்மை, ஆள்வினையுடைமை என அதிகாரம் அதிகாரமாக ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னோம். இடையிடையே நம் அலுவலகத்தில் ஓய்வு பெறும் நாள்வரை ஓடியாடி உழைத்த பெரியவர் ஒருவரின் கதையையும் சேர்த்துக்கொண்டோம். அன்பர் தலையைக் குனிந்தபடி கேட்டார். எழும்போது மட்டும், "எனக்கும் தெரியுமுங்க. தெரிஞ்சும் முடியலீங்க. அதுதானுங்க கஷ்டம்" என்றார். அதனை நாம் ஒரு சாக்காகவே கொண்டோம்.

அதன்பின் நம்மைத் தெருவில் கண்டால் அவர் வீட்டிற்குள் போய்விடுவார். அன்றிரவு அவர் சோறு உண்ணவில்லை என்றும், "நான் சோம்பேறின்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு" என்று சொன்னார் என்றும் பின்னர் அறிந்தோம். நம் ஒரு மணி நேரப் பேச்சில் அவர் மனத்தில் தங்கியது அந்த ஒரு சொல்லே. அச்சொல்லை நாம் சொல்லவே இல்லை என்று நமக்குள் வாதாடிப் பார்த்தோம். மடி என்றால் சோம்பல்தானே? சொல்லாமல் சொன்னதை மறுப்பதற்கு வழியில்லை.

பிழை வள்ளுவர் மேல் இல்லை; அவரை நாம் எடுத்துச் சென்ற இடத்தில்தான் பிழை. மடியின்மை நூலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பரிமேலழகர் கொண்ட முறைப்படி பொருட்பாலில் அரசியல் என்ற இயலில், 61-ஆம் அதிகாரமாக அது நிற்கிறது. கை, கால், படை, பொருள் எல்லாம் இருந்தும் செய்ய வேண்டியதைச் செய்யாது காலம் கடத்தும் ஆள்வோனுக்குக் கூறியது அது. நோயுற்றவனைப் பற்றி வள்ளுவர் பேசும் இடம் வேறு. 95-ஆம் அதிகாரமாகிய மருந்தில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் அருகிருந்து மருந்தூட்டிப் பேணுபவன். உழை என்ற சொல்லுக்குப் பாடுபடு என்ற பொருளும் உண்டு. பக்கம், இடம் என்ற பொருளும் உண்டு. நாம் முதற்பொருளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அன்பர் வீட்டிற்குப் போயிருந்தோம்.

சோம்பலுக்கும் மனச்சோர்வுக்கும் வெளித்தோற்றம் ஒன்று போல இருக்கும். இருவரும் படுத்துத்தான் கிடக்கிறார்கள். ஆனால் சோம்பலுடையவனுக்குப் படுக்கை இனிக்கிறது. எழுப்பினால் சினம் கொள்கிறான். விருந்து என்றால் எழுந்துவிடுகிறான். மனச்சோர்வு உற்றவருக்குப் படுக்கையும் இனிப்பதில்லை, விருந்தும் இனிப்பதில்லை. முன்பு விரும்பியதில் விருப்பம் அற்றுப் போவதும், நாளின் பெரும்பகுதி மனம் வாடிக் கிடப்பதும், உறக்கமும் பசியும் மாறுவதும், தம்மைத் தாமே இழித்து எண்ணுவதும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் தொடர்ந்தால் மருத்துவர்கள் அதனை நோய் என்கிறார்கள். இவற்றுள் இறுதியாகச் சொன்னதை நாம் நன்றாக நினைவில் வைத்தல் வேண்டும். அவர் தம்மைப் பழிப்பதில் ஏற்கெனவே வல்லவர். அதற்கு நம் துணை வேண்டா.

பகவத் கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அருச்சுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்பது துயரத்தில் தளர்தல். பெருவீரன் ஒருவன், குறிக்கோளும் திறமையும் குறைவின்றி உள்ளவன், உடல் நடுங்கி, வாய் உலர்ந்து, வில் கை நழுவத் தேரில் அமர்ந்துவிடுகிறான். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் முதலில் செய்வது நாம் செய்ததையே: ஆண்மைக்கு அழகில்லை என்று இடித்துரைக்கிறான். பயன் யாது? போர் செய்யேன் என்று சொல்லி அருச்சுனன் வாய் மூடிக்கொள்கிறான். இடித்துரை தோற்ற பிறகுதான் மற்ற பேச்சு எல்லாம் தொடங்குகிறது. தேரை விட்டு இறங்காமல், 18 அத்தியாயம் முடியும்வரை தேர்ப்பாகன் அவன் அருகிலேயே இருக்கிறான். நூலின் தத்துவத்தைப் பற்றிக் கற்றோர் பலவாறு கூறுவர். நம் கண்ணில் இப்போது படுவது இந்தச் சிறு செய்தியே.

அப்படியானால் செயலால் பயனே இல்லையா? அதுவும் உண்மையன்று. இதற்கு நம் நாட்டிலேயே நல்லதொரு சான்று உண்டு. அது கோவாவில் நடந்தது.

கோவாவில் 1996-இல் தொடங்கப்பட்ட சங்காத் என்ற அமைப்பினர், மருத்துவர் விக்ரம் பட்டேல் முதலியோர் வழிநடத்த, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 2017-இல் இலண்டனின் லான்செட் இதழில் வெளிவந்தது. கடும் மனச்சோர்வு உடையவர் என்று கண்டறியப்பட்ட 495 பேர் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை சற்றே திருத்தமாகக் கிடைத்தது. மறு பாதியினருக்கு அதனோடு ஆறு முதல் எட்டு முறை உரையாடலும் கிடைத்தது. உரையாடியவர்கள் மருத்துவரும் அல்லர். உளவியல் பட்டம் பெற்றவரும் அல்லர். அவ்வூர்ப் பக்கத்துச் சாதாரண மக்களே. இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். மூன்று திங்கள் கழித்துப் பார்த்தபோது, உரையாடல் பெற்றவர்களில் 100-க்கு 64 பேர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தனர். மற்றப் பாதியில் 100-க்கு 39 பேர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பயன் நிலைத்திருந்தது.

அந்த உரையாடலில் என்ன இருந்தது? அறிவுரை இல்லை. நோயுற்றவர் தம் நாட்களை எவ்வாறு கழிக்கிறார், எதைச் செய்த நேரத்தில் மனம் இம்மியேனும் லேசாக இருந்தது, எதைச் செய்யாமல் விட்டபின் மேலும் கனத்தது என்று அவரோடு சேர்ந்து பார்ப்பார்கள். அதிலிருந்து மிகச் சிறிய ஒரு செயலைத் தேர்ந்து அடுத்த வாரத்திற்குள் செய்து பார்க்கச் சொல்வார்கள். மறுவாரம் வந்து, செய்ய முடிந்ததா, முடியவில்லையென்றால் எது தடுத்தது என்று கேட்பார்கள். வீட்டார் ஒருவரையும் துணைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். இவ்வளவே.

இதன் அடிப்படை புதியதன்று. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலறிஞர் 1970-களில் இதனை விளக்கினார். மனம் சோர்கிறது, சோர்வதால் மனிதன் ஒதுங்குகிறான், ஒதுங்குவதால் அவனுக்குக் கிடைத்துவந்த சிறு சிறு இன்பங்களும் பிறர் முகமும் நின்று போகின்றன, அவை நின்றதால் மனம் மேலும் சோர்கிறது. ஏற்றமரத்து மாடு பின்னே பின்னே வருவது போல ஒவ்வோர் அடியும் கீழ்நோக்கியே. இதனை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். மனம் தெளிந்தபின் செயலாற்றலாம் என்று காத்திருப்பதே நம் வழக்கம். இவர்களோ செயலை முன்னே விட்டு மனத்தைப் பின்னே வரச் செய்கிறார்கள். 1996-இல் நீல் ஜேக்கப்சன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 150 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முழு சிகிச்சையைப் பெற்றவர்களும், செயலில் ஈடுபடுத்தும் பகுதியை மட்டும் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றதைக் கண்டனர்.

ஆகவே செயல் மருந்து என்பது மெய். ஆனால் கோவாக் கணக்கை மறுபடியும் பார்க்க வேண்டும். 64 பேர் நலம் பெற்றனர் என்றால் 36 பேர் அந்த மூன்று திங்களில் நலம் பெறவில்லை. அவர்கள் முயலாதவர்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? உரையாடல் இல்லாமலே 39 பேர் தேறினர் என்பதையும் மறத்தல் கூடாது. மருத்துவரையும் மாத்திரையையும் விலக்கிவிட்டுச் செயலை மட்டும் நம்பு என்று இந்த ஆய்வு யாருக்கும் சொல்லவில்லை. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி உதவிக்கு எண் 14416. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் 'ஆசுவாசம்' என்ற பெயரில் இந்நோயைக் கண்டறிந்து உதவும் திட்டம் ஒன்றும் உண்டு. இது போன்ற செய்திகளை மலரில் எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். திருமண அழைப்பும் இரங்கற் செய்தியும் மலரில் வரும்போது இது ஏன் வரக்கூடாது?

குறிக்கோளைப் பற்றி இனிப் பார்ப்போம். இதில்தான் நம் போன்ற குடியேறிய குடும்பத்தார் கவலையோடு எண்ண வேண்டியது மிகுதி.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞரைக் கல்லூரியில் படித்தவர்கள் அறிவார்கள். அவர் ஒரு குமாஸ்தா என்பதைப் பலர் அறியார். 1823-இல், 17-ஆம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் சேர்ந்து இந்தியாவுக்குப் போகும் கடிதங்களை வரைந்துகொண்டிருந்தார். கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு அவர்பால் ஒரு தனி நேயம் உண்டு. உலகத்தைச் சீர்திருத்துவது ஒன்றே அவர் குறிக்கோள். சிறு பிராயத்திலிருந்து தந்தையார் அதற்கென்றே அவரை வளர்த்தார். 1826-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், 20-ஆம் வயதில், அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். விரும்பிய மாற்றங்கள் எல்லாம் இந்த நொடியிலேயே நிறைவேறிவிட்டால் எனக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? உள்ளத்திலிருந்து வந்த விடை, உண்டாகாது என்பது. அந்த நொடியில் வாழ்வைத் தாங்கிய கட்டடம் சரிந்தது என்று அவர் தம் வரலாற்றில் எழுதுகிறார். அந்நூல் அவர் மறைந்த 1873-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவரிடம் இல்லாதது எது? வேலை இருந்தது, குறிக்கோள் இருந்தது. சோர்வுற்ற திங்களில் அவர் ஒரு நாளும் வேலையை நிறுத்தவும் இல்லை. பழக்கத்தின் வலிமையால் இயந்திரம் போலச் செய்துகொண்டே இருந்தார். அந்த வேலை அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்பில், தந்தையை இழந்த சிறுவன் குடும்பத்தைத் தாங்க முன்வரும் இடத்தைப் படித்தபோது அவருக்குக் கண்ணீர் வந்தது. கண்ணீர் வரும் அளவுக்கு உள்ளம் உயிரோடு இருக்கிறது என்று கண்டு அன்று சுமை சற்றுக் குறைந்தது. 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தது மேலும் உதவியது. தன் மகிழ்ச்சியையே குறியாக வைத்து ஓடுபவனுக்கு அது கிட்டுவதில்லை, வேறொன்றில் மனத்தைச் செலுத்துபவனுக்கே வழியில் அது வந்து சேர்கிறது என்ற கருத்துக்கு அவர் வந்தது இதன்பின்னரே.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வந்து வயலில் இறங்கியவர்கள், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்காக வந்தவர்கள், இடுக்கி மலைகளில் ஏலத்திற்கும் தேயிலைக்கும் போனவர்கள் எல்லோரும் ஒரு குறிக்கோளோடுதான் ஊரை விட்டுப் புறப்பட்டோம். ஊரில் ஒரு வீடு. பிள்ளைக்கு ஒரு பட்டம். தங்கைக்கு ஒரு திருமணம். குறிக்கோள் நிறைவேறாதபோது, "எதற்காக வந்தோம்?" என்ற கேள்வி இரவெல்லாம் விழித்திருக்கிறது. நிறைவேறிய பிறகும் அதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. மகளையும் மகனையும் நல்ல இடத்தில் சேர்த்த ஆண்டில்தானே நம் அன்பர் படுத்தார்! ஊருக்கு எழுதும் கடிதத்தில் 'இங்கு யாவரும் நலம்' என்று எழுதியே பழகியவர்கள் நாம். இன்று கடிதம் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. அந்த வாசகம் மட்டும் மாறவில்லை. நலமில்லை என்று சொன்னால் புறப்பட்டு வந்ததே தவறு என்று ஆகிவிடுமோ என்ற அச்சம் நமக்கு.

ஓயாமல் உழைப்பவருக்கு இந்நோய் வராது என்பதும் நம்மிடம் உள்ள ஒரு தவறான நம்பிக்கை. விடியலுக்கு முன் எழுந்து, சமைத்து, கூடை கட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் மீண்டும் அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணுக்கு மனம் சோராது என்று யார் கண்டது? அவள் படுக்காததால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. வேலை அவளுக்கு மருந்தாகாமல் நோயை மூடும் போர்வையாகிவிடுகிறது.

வேலை பறிபோனால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். வியன்னாவுக்கு அருகில் மரியந்தால் என்ற சிற்றூரில் நெசவு ஆலை மூடப்பட்டபின், 1931-32-இல் மரி யகோடா முதலியோர் அங்குச் சென்று மக்கள் வாழ்க்கையை ஆராய்ந்தனர். நேரம் மிகுந்திருந்தும் நூலகத்தில் நூல் வாங்குவது குறைந்திருந்தது. தெருவில் ஆடவர் நடை தளர்ந்து, அடிக்கடி நின்று நின்று சென்றனர். வீட்டுப் பொறுப்புள்ள பெண்கள் விரைந்து நடந்தனர். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டுப் பக்கத்தில் தேயிலைத் தோட்டங்கள் பல மூடிக் கிடந்த காலத்தில், அங்குள்ள லயங்களில் வாழ்ந்த நம்மவர் அறிந்தது இந்த நடையைத்தான். அவர்களிடம் போய் ஊக்கமுடைமை பேசுவது எவ்வளவு கொடுமை! வேலை இல்லாதவனுக்கு முதலில் வேண்டியது வேலையும் கூலியும். அதை அவன் மனத்தின் குறையாக்கிவிடுதல் தகாது.

நம் அன்பரிடம் திரும்புவோம். அவர் எழுந்தது நம் பேச்சால் இல்லை என்பது வெளிப்படை. அவருடைய வயலை அடுத்து வயலுள்ள மலையாளி முதியவர் ஒருவர் உண்டு. படிப்பு அதிகம் இல்லை; பேச்சும் அதிகம் இல்லை. இரண்டாம் போகத்திற்கு வாய்க்காலில் நீர் விடும் நாட்களில், காலை ஆறு மணிக்கு அன்பர் வீட்டு வாசலில் நின்று, இரு மொழியும் கலந்த எலப்புள்ளி மொழியில், "வா, வெள்ளம் வந்நோன்னு பாக்கலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். முதல் மூன்று நாள் அன்பர் எழவில்லை. முதியவர் சற்று நேரம் நின்று பீடியைப் புகைத்து முடித்துவிட்டுப் போய்விட்டார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நான்காம் நாள் அன்பர் வேலிப்படல் வரை வந்தார். அந்த வாரக் கடைசியில் வரப்பு வரை வந்தார். இருவரும் மடையருகே நின்று நீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நாளடைவில் மடைப்பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் அன்பர் வேலையாயிற்று. முதியவருக்கு முதுகு வலி என்பது காரணம். உண்மையில் முதுகு வலி இருந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

இடையில் துணைவியாரும் மகனும் அவரைப் பாலக்காட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மாத்திரை தந்தார், சில வாரம் கழித்தே பயன் தெரியும் என்றும் இடையில் நிறுத்தலாகாது என்றும் சொன்னார். அன்பர் தேறியது மாத்திரையாலா, மடையாலா, கிழவரின் பீடிப் புகையாலா என்று பிரித்துச் சொல்ல நம்மால் ஆகாது. பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையும் அவர் வீட்டில் யாருக்கும் இல்லை. ஆனால் நாம் செய்ததையும் முதியவர் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருவரும் செயலைத்தான் மருந்தாகக் கொண்டு போனோம். நாம் செயல் என்ற பெரும்பொருளைக் கொண்டுபோய் அவர் முன் வைத்துவிட்டு வீட்டிற்கு வந்து உண்டோம். அவர் ஒரு மடைப்பலகையைக் கொண்டுபோனார். அதன் மறு முனையைத் தாமே பிடித்துக்கொண்டார். நம் குறிக்கோள் அன்பரைப் பழைய அன்பராக்குவது. அவர் குறிக்கோள் நீர் வந்ததா என்று பார்ப்பது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த தொழிலுறுதிப் பணியில் இவ்வூர்ப் பெண்கள் வாய்க்கால் தூர்வாரிய நாட்களில், வேலையைக் காட்டிலும் பேச்சும் சிரிப்புமே மிகுதி என்று திண்ணையில் இருந்தபடி குறை சொன்னவர்கள் உண்டு. நாமும் ஒருமுறை தலையசைத்தோம். அந்தப் பேச்சையும் சிரிப்பையும் கழித்துவிட்டால் அந்த வேலையில் கூலியைத் தவிர அவர்களுக்கு மீதி என்ன இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கணவனை இழந்து ஓராண்டு வெளிவராமல் இருந்த ஒரு தாய், மண்வெட்டியோடு முதன்முதல் வெளிவந்தது அந்தக் கூட்டத்தோடுதான்.

செயலுக்குத் துணை வேண்டும் என்று சொல்கையில் ஒரு தடை எழலாம். துணையே இல்லாதவர் என்ன செய்வது? இராபர்ட் பர்ட்டன் என்ற ஆக்ஸ்போர்டு அறிஞர், மணம் செய்யாமல், கல்லூரி அறையிலேயே வாழ்ந்தவர், மனச்சோர்வைப் பற்றிப் பெருநூல் ஒன்றை 1621-இல் வெளியிட்டார். தாம் அந்நோயைத் தவிர்க்கவே அதைப் பற்றி எழுதுவதாகச் சொன்ன அவர், இறக்கும் வரை நூலைப் பெருக்கிக்கொண்டே இருந்தார். தனிமையும் சோம்பலும் கூடாது என்பதே அந்நூல் இறுதியில் தரும் அறிவுரை. இரண்டையும் சேர்த்துச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். தனியராக இருந்தவருக்கும் படிக்கப் போகும் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்ற எண்ணம் துணையாக இருந்திருக்கலாம். இது நம் ஊகம்.

இந்நோய் ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவதும் உண்டு. சென்ற கார்த்திகையில் அன்பர் மீண்டும் படுத்தார். கிழவருக்கு அப்போது காய்ச்சல். துணைவியார் நம்மை அழைக்கவில்லை. நாமே அறிந்து போனோம். புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். நெடுநேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. பேசாமல் இருப்பது நமக்கு எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் தெரிந்தது.

"ஆபீஸ் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"லீவு போட்டிருக்கேனுங்க. வாய்க்கால்ல தண்ணி வுட்டுட்டாங்களாமா. எனக்கு மடை எதுன்னு தெரியாதுங்க" என்றோம்.

அன்று அவர் வரவில்லை. மறுநாள் அலுவலகத்திற்குப் போகுமுன் போனோம், அன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கணவாய்க் காற்று பனையோலைகளைச் சலசலக்கச் செய்துகொண்டிருந்தது. வரப்பில் வழுக்கும் இடத்தில் அவரே நம் கையைப் பிடித்தார். வாய்க்காலில் கணுக்கால் அளவுக்கே நீர் இருந்தது. குனிந்து பார்த்து, "இன்னும் ரெண்டு விரக்கடை தூக்கோணுமுங்க" என்றார். ஒரு முனையை அவரும் மறு முனையை நாமும் பிடித்துப் பலகையைத் தூக்கினோம்.